இதர கருத்துகள், இரண்டு வரிக்கு மிகாமல்

ராஸ் அல் கைமா, கடற்கரைச் சாலை.
ஞாயிறு மாலை ஐந்தே முக்கால்.
கையில் மூன்று அட்டைகள், ஒரு டேப்லெட்.
வேர்த்த விரலை அதன் திரை என்னுடையதென்று நம்ப மறுக்கிறது.

பொழுதுபோக்குக்கு சைக்கிள் ஓட்டுகிறவர்களை நிறுத்தி
அட்டையைக் காட்டி
ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் வாங்க வேண்டும்.
புரிந்ததா, நம்புகிறீர்களா, நாளை முதல் செய்வீர்களா.
நின்றவர்களிடம்தான் கேட்க முடியும்.
நிற்காமல் போனவர்களைப் பற்றி
எங்கள் ஆய்வுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் அட்டையில் பிளந்த தர்பூசணி.
‘இது உங்கள் தலையாக இருந்திருக்கலாம்.’
அவசரப் பிரிவுச் செவிலி மரிவிக் இரண்டு போட்டாள்.
இவ்வளவு சுத்தமாகவா உடையும் என்றாள்.
ஹுமைத் ஐந்து போட்டுவிட்டு, தாகமாயிருக்கிறது என்றான்.
வயது பன்னிரண்டு என்று பிறகுதான் சொன்னான்,
பதிலை அழிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவதில் ஒரு குடும்பம்.
நாலு தலைக்கவசம், நாலு சிரிப்பு,
நாற்பது டிகிரியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.
கணக்காளர் திருவேங்கடநாதன்
வைத்திருந்த சைக்கிளின் விலை என் மூன்று மாத வாடகை.
கவசம், கையுறை, முன்விளக்கு, பின்விளக்கு
எல்லாம் ஏற்கெனவே அவர் மேல் இருந்தன.
மூன்று அட்டைக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து.
நம் சராசரியைக் காப்பாற்றுகிறவர்கள்
எப்போதோ மனம் மாறியவர்கள்.

மூன்றாவது, இருட்டுச் சாலையில் மின்னும் ஒரு சட்டை.
‘ஒளிருங்கள், உயிரோடிருங்கள்.’
தமிழாக்கம் நான். காசு இன்னும் வரவில்லை.

அதைக் காட்டும்போது எதிரே கூடலிங்கம்.
மணியில்லாத வண்டி,
இடது மிதிக்கட்டை போய் வெறும் கம்பி.
வேலைக்குப் போகிறீர்களா, பொழுதுபோக்கா?
(வேலைக்கென்றால் நன்றி சொல்லி முடித்துவிட வேண்டும்.)
‘சும்மா’ என்றார்.
எங்கள் பட்டியலில் சும்மாவுக்குப் பொழுதுபோக்கு என்று பெயர்.

அட்டையை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.

‘இந்தச் சட்டைதான மேடம்
ஆறு நாளும் போட்டுக்கிட்டு நிக்கிறேன்.
காலைல பஸ்ல ஏறுறப்பவே மின்ன ஆரம்பிச்சிருவேன்.
தலையில மஞ்சத் தொப்பி, கழட்டுனா ஐம்பது ரூவா ஃபைன்.
இன்னைக்கு ஒரு நாளாச்சும்
கொஞ்சம் மங்கலா இருந்துக்கிறேனே.’

திர்ஹத்தை ரூபாய் என்றே சொல்கிறார்,
விருதுநகர் பக்கமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.
முடியில் உப்புக்காற்று பட்டுக்கொண்டிருந்தது.
அதை அவர் வாங்கிக்கொள்கிற விதத்தைப் பார்த்தால்
சம்பளத்தில் ஒரு பங்கு போல இருந்தது.

செத்துப்போவீர்கள் என்று சொல்வதற்கு
என்னிடம் மூன்று அழகான வழிகள் இருந்தன.
ஒன்றையும் சொல்லவில்லை.

‘முட்டை போடலாமா?’
‘ஒன்றிலிருந்துதான் ஆரம்பம்.’
‘சரி ஒண்ணு. படம் நல்லாத்தான் இருக்கு,
எழுதுனவங்க மேல தப்பில்ல.’

இதர கருத்துகளுக்கு இரண்டு வரி இடம்.
அதில் மங்கல் என்ற சொல்லை வைத்துப் பார்த்தேன்,
மொழிபெயர்த்தேன்,
‘பார்வைக் குறைபாடு’ என்று திரையே திருத்தியது.

டிசம்பரில் அறிக்கை வந்தது.
மூன்றாம் அட்டை: இரண்டு புள்ளி மூன்று.
காரணம்: தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு குறைவு.
பரிந்துரை: எழுத்துகளைப் பெரிதாக்குக.

பெரிதாக்கினார்கள்.
பாலத்தின் மேல் இப்போது ஒரு பஸ் நீளத்துக்கு நிற்கிறது
என் தமிழ்.

ஞாயிறுகளில் அலுவலகம் முடிந்து
அந்தப் பாலத்தில்தான் வருகிறேன்.
பலகைக்கு நூறடி முன்னாலேயே
என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.
எண்பது அறுபதாகி, அறுபது நாற்பதாகி
பின்னால் ஹாரன்கள்.
மின்னுகிற எதையும் நான் தேடவில்லை.
ஓரத்து இருட்டில், இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக
அசைகிற ஏதாவது.

இதை எந்தக் கட்டத்தில் போடுவார்களோ.
சைக்கிளே ஓட்டத் தெரியாத,
மாதிரியில் இல்லாத ஒருத்தி
நாளை முதல் அல்ல,
அன்றைக்கே செய்ய ஆரம்பித்தாள்.